சாக்பீஸை முறுக்கினால் ஏன் சாய்வாக உடைகிறது? அப்ளைடு மெக்கானிக்ஸ் முதுநிலைப் படிப்புக்கு ஓர் அறிமுகம்

அப்ளைடு மெக்கானிக்ஸில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்ததை ஊரில் சொன்னபோது, என் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பொறியியல் படித்து முடித்த பையன் மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ள மறுபடியும் இரண்டு வருடம் போக வேண்டுமா என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என்னோடு மெக்கானிக்கல் படித்த நண்பர்களே, ‘அது நம் பாடத்திட்டம்தான், கணக்கு மட்டும் கொஞ்சம் தூக்கல்’ என்றார்கள். இன்னும் சிலர் அது, பொருள்களைக் கணினியில் மாதிரி செய்து பார்க்கும் சிமுலேஷன் மென்பொருள் சொல்லிக்கொடுக்கும் இடம் என்று நினைத்துச் சேர்கிறார்கள். முதல் பருவம் முடிவதற்குள் முகம் வாடிவிடுகிறது.

பெயரும் உதவுவதில்லை. மெக்கானிக்ஸ் என்பதை இயக்கவியல் என்று எழுதினால், ஓடுகிற, சுழல்கிற பொருள்களைப் பற்றியது என்று தோன்றும். எந்திரவியல் என்றால் லேத் பட்டறை நினைவுக்கு வரும். நூறு வருடமாக அசையாமல் நிற்கும் கல்தூணும் இந்தப் பாடத்துக்குள் வரும், நம் உடம்புக்குள் ஓடும் ரத்தமும் வரும். ஒரு பொருள்மீது விசை பட்டால் அதன் உள்ளே என்ன நடக்கிறது, அதை எப்படிக் கணக்கிட்டு முன்கூட்டியே சொல்வது? அப்ளைடு மெக்கானிக்ஸ் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான். ‘உள்ளே’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக விளங்கும்.

முதலில் ஒரு சாக்பீஸ்

பெட்டியிலிருந்து புதுச் சாக்பீஸ் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதை இரண்டு முனைகளிலும் பிடித்து வளையுங்கள். டக்கென்று குறுக்குவாக்கில், கத்தியால் நறுக்கியதுபோல் ஏறக்குறைய நேராக உடையும். இரண்டாவதை வளைக்காமல், ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்குங்கள். இது கொஞ்சம் சிரமம். கை தன்னையறியாமல் வளைக்கப் பார்க்கும். இரண்டு மூன்று சாக்பீஸ் வீணானாலும் பரவாயில்லை. சரியாக முறுக்கி உடைத்தபின் உடைந்த முகத்தைப் பாருங்கள். சுழல் படிக்கட்டுபோல் சாய்ந்து ஏறியிருக்கும். அந்தச் சாய்வு ஏறக்குறைய 45 பாகை.

சாக்பீஸும் அதே வகை, கையும் அதே கை. சாய்வான திசையில் யாரும் எதையும் இழுக்கவில்லை. பிறகு ஏன் அந்தத் திசையில் விரிசல் ஓடுகிறது?

விடை பழைய சைக்கிள் டியூபில் இருக்கிறது. ஒரு துண்டு டியூபின் மேல் பேனாவால் சின்னதாக ஒரு சதுரம் வரையுங்கள். இரண்டு பக்கங்கள் டியூபின் நீளவாக்கிலும், மற்ற இரண்டு குறுக்குவாக்கிலும் இருக்கட்டும். இப்போது டியூபை முறுக்கினால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். அதன் ஒரு மூலைவிட்டம் நீண்டிருக்கும், இன்னொன்று குறுகியிருக்கும். அதாவது, நீங்கள் முறுக்கினாலும் டியூபின் உடம்பு ஒரு சாய்ந்த திசையில் இழுபடுகிறது, அதற்குக் குறுக்கான திசையில் அமுக்கப்படுகிறது.

சாக்பீஸுக்கும் இதே கதிதான். அது அமுக்கத்தை ஓரளவு தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் நீளும் மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக வாய் பிளக்கிறது. அந்தப் பிளவு உருளையைச் சுற்றி ஓடும்போது சுழல் படிக்கட்டாகிறது. சாதாரண எஃகுக் கம்பியை முறுக்கி முறுக்கி உடைத்தால் சாய்வு இருக்காது. குறுக்கே நேராகத் துண்டாகும். எஃகு இழுப்பை நன்றாகத் தாங்கும். அதன் பலவீனம், ஓர் அடுக்கின் மேல் இன்னோர் அடுக்கு வழுக்குவது. ஒரே முறுக்கலில் ஒவ்வொரு பொருளும் தன் பலவீனமான திசையைத் தேடி உடைகிறது.

பள்ளியில் படித்த விசையை மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்க முடியாது. விசை வெளியே கையில் இருக்கிறது; உடைவது உள்ளே. இடையில் ஒரு கருத்து தேவைப்படுகிறது.

கயிறு இழுக்கும் போட்டியும் தகைவும்

பொங்கல் விளையாட்டில் கயிறு இழுக்கிறார்கள் என்று வையுங்கள். இரண்டு அணியும் சமபலம். கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி அசையவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் கயிற்றுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் யாராவது அரிவாளால் ஒரு போடு போட்டால் இரண்டு அணியும் மல்லாந்து விழும். வெட்டிய இடத்தில் அதுவரை ஏதோ ஒன்று இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. கயிற்றின் எந்த இடத்தில் வெட்டினாலும் இதுவே நடக்கும்.

இந்தக் கற்பனை வெட்டுதான் பாடத்தின் அடிப்படைத் தந்திரம். பொருளை மனதுக்குள் வெட்டுகிறோம். வெட்டுமுகத்தின் இரு பக்கமும் ஒன்றையொன்று எவ்வளவு விசையோடு பிடித்திருந்தன என்று பார்க்கிறோம். அதை வெட்டுமுகத்தின் பரப்பால் வகுக்கிறோம். கிடைப்பது தகைவு. பொருள் எந்த அளவு நீண்டது அல்லது குறுகியது என்பதை முதலில் இருந்த நீளத்தோடு ஒப்பிட்டுச் சொன்னால் அது திரிபு.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் கம்பியில் தொங்குகிறார். விசை ஏறக்குறைய 590 நியூட்டன். கம்பியின் குறுக்குப் பரப்பு சுமார் 78.5 சதுர மில்லிமீட்டர். தகைவு, சதுர மில்லிமீட்டருக்கு 7.5 நியூட்டன். ஒரு சதுர மில்லிமீட்டரில் ஒரு நியூட்டன் என்பதை மெகாபாஸ்கல் என்பார்கள்; ஆக 7.5 மெகாபாஸ்கல். சாதாரணக் கட்டுமான எஃகு நிரந்தரமாக நெளியத் தொடங்குவது 250 மெகாபாஸ்கலை ஒட்டி. கம்பி ஒரு மீட்டர் நீளம் இருந்தால் அது நீள்வது 0.04 மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நீள்கிறது. ‘இரும்பு நீளாது’ என்ற எண்ணத்தை முதல் வகுப்பிலேயே கைவிட வேண்டும்.

கயிற்றுக்குக் குறுக்கு வெட்டு ஒன்று போதும். சாக்பீஸுக்குப் போதாது. குறுக்கே வெட்டினால் ஒரு தகைவு, சாய்த்து வெட்டினால் வேறொரு தகைவு. ஒரே புள்ளிதான், வெட்டும் திசைக்கு ஏற்ப அது வேறு வேறு விடை சொல்கிறது. தண்ணீருக்குள் மூழ்கினால் காதில் உணரும் அழுத்தம் அப்படியில்லை; தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே அளவுதான். தகைவையும் அழுத்தத்தையும் ஒன்றாக நினைக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

அப்படியானால் எண்ணற்ற திசைகளுக்கும் எண்ணற்ற எண்களை எழுதி வைக்க வேண்டுமா? 1820-களில் பிரெஞ்சுக் கணித மேதை கோஷி இதற்கு வழி கண்டார். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று வெட்டுகளின் தகைவு தெரிந்தால் மற்ற எல்லாத் திசைகளின் தகைவையும் கணக்கிட்டுவிடலாம். அதற்குச் சாதாரணமாக ஆறு எண்கள் போதும். இப்படி, பார்க்கும் திசைக்கேற்ப விடை சொல்லும் எண்தொகுப்புக்கு டென்சர் என்று பெயர். முதுநிலை மாணவர்கள் பயந்து நடுங்கும் சொல் இது. சாக்பீஸை நினைத்துக்கொண்டால் பயம் பாதியாகிவிடும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: விசை வெளியே, தகைவு உள்ளே. தகைவு வெட்டும் திசையைப் பொறுத்தது. பொருள் எங்கே, எந்தத் திசையில் உடையும் என்பதைத் தகைவும் அந்தப் பொருளின் பலவீனமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவான கணக்கு

தகைவைக் கண்டுபிடிப்பது எப்படி? இங்கே மூன்று வகைச் செய்திகள் தேவை.

ஒரு குடும்பத்தின் வரவு செலவை நினைத்துப் பாருங்கள். வந்தது, செலவானது, மீந்தது மூன்றும் பொருந்த வேண்டும். பணக்காரர் வீடானாலும் குடிசையானாலும் இந்த விதியில் விலக்கில்லை. பொருளுக்குள்ளும் அப்படி ஒரு கணக்கு உண்டு: நிறை மறையாது, ஒரு சின்னத் துண்டின் மீதான விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யாவிட்டால் அது முடுக்கம் பெறும். இவற்றைச் சமநிலை விதிகள் என்போம். அடுத்தது வடிவக் கணக்கு. பொருள் கிழியாமல் நெளிந்தால், பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் விலகாமல் சேர்ந்தே நெளிய வேண்டும். இந்த இரண்டும் எஃகுக்கும் ரப்பருக்கும் ரத்தத்துக்கும் ஒன்றே.

மூன்றாவதில்தான் வேறுபாடு. நூறு ரூபாய் கிடைத்தால் ஒரு வீட்டில் சேமிப்பார்கள், இன்னொரு வீட்டில் அன்றைக்கே கறி எடுப்பார்கள். அது அந்தக் குடும்பத்தின் குணம். அதுபோல, இவ்வளவு திரிபுக்கு இவ்வளவு தகைவு என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குணம் உண்டு. அதைச் சொல்வது பொருள் விதி. இரண்டும் நேர் விகிதத்தில் இருக்கும் என்று ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டது இதன் மிக எளிய வடிவம். அந்த விகிதம்தான் பள்ளியில் படித்த யங் குணகம். எஃகுக்கு அது 200 கிகாபாஸ்கலை ஒட்டி இருக்கும், அலுமினியத்துக்கு 70; ஒரு கிகாபாஸ்கல் என்பது ஆயிரம் மெகாபாஸ்கல்.

ஒரே துறையில் ஒருவர் கப்பல் தகட்டையும், அடுத்த அறையில் இன்னொருவர் ரத்தக்குழாயையும் ஆராய்வதை வெளியார் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். முதல் இரண்டு கணக்கும் பொது என்பது தெரிந்தால் வேடிக்கை தீர்ந்துவிடும். சென்னை ஐஐடியில் இந்தத் துறை இப்போது அப்ளைடு மெக்கானிக்ஸ் மற்றும் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் துறை என்றே பெயர் தாங்கியிருக்கிறது.

உடம்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட இதய வால்வு. 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. ஒரு வளையத்துக்குள் சின்ன வட்டத் தட்டு சாய்ந்து திறந்து மூடும், அவ்வளவுதான் கருவி. ஆனால் நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தாலும் வருடத்துக்கு 3 கோடியே 60 லட்சம் முறைக்கு மேல் திறந்து மூட வேண்டும். ஒரு தடவை தாங்குவது பெரிய விஷயமில்லை. சிறு தகைவு கோடிக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் பொருள் களைத்து விரிசல் விடும். இதற்கு களைப்பு என்றே பெயர். தட்டைச் சுற்றி ரத்தம் எப்படிச் சுழித்து ஓடுகிறது என்பது இன்னொரு கேள்வி, தேங்கினால் உறையும். திடப்பொருளும் பாயும் பொருளும் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்துக்குள் கலந்து நிற்கின்றன.

தேனும் இட்லி மாவும்

பாயும் பொருள்களுக்குப் பாய்மம் என்று பாடநூல் பெயர். நீர், காற்று, எண்ணெய் எல்லாம் இதில் அடக்கம். திடப்பொருளுக்கும் பாய்மத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தேன் பாட்டில் சொல்லிவிடும். கரண்டியை மெதுவாக எடுத்தால் தேன் எதிர்க்காமல் விடும். வெடுக்கென்று எடுத்தால் பாட்டிலும் கூடவே எழும்பும். திடப்பொருள் எவ்வளவு நெளிந்தது என்பதற்கு ஏற்பத் தகைவைக் காட்டுகிறது. பாய்மம் எவ்வளவு வேகமாக நெளிகிறது என்பதற்கு ஏற்பக் காட்டுகிறது. அந்த எதிர்ப்பின் அளவுதான் பாகுநிலை.

இட்லி மாவு இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சும்மா இருக்கும்போது குவியலாக நிற்கும், கரண்டியால் கலக்கினால் இளகி ஓடும். பெயிண்ட், பற்பசை, ரத்தம் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இதன் சொந்தக்காரர்கள்தான்.

குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் கண்ணாடிக் குச்சிபோல் இறங்கும். முழுதாகத் திறந்தால் கலங்கிக் கொப்பளிக்கும். ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாய்க்குள் சாயம் விட்டு, முதலாவது எப்போது இரண்டாவதாக மாறுகிறது என்று ஆராய்ந்து 1883-இல் வெளியிட்டார். வேகம், குழாயின் விட்டம், அடர்த்தி, பாகுநிலை நான்கையும் சேர்த்து அவர் கண்ட எண் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. பாய்மத்தின் சமநிலைச் சமன்பாடுகள் நேவியர், ஸ்டோக்ஸ் என்ற இருவர் பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டன. முப்பரிமாணத்தில் அவற்றுக்குச் சீரான தீர்வு எப்போதும் உண்டா என்பதை இன்னும் யாரும் நிறுவவில்லை. கிளே கணித நிறுவனம் 2000-இல் அதற்கு அறிவித்த பத்து லட்சம் டாலர் அப்படியே காத்திருக்கிறது.

பாலம் ஊஞ்சலைப்போல் ஆடியதா?

இந்தத் துறையில் மிக அதிகமாகத் தவறாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா நேரோஸ் தொங்குபாலம் 1940 ஜூலையில் திறக்கப்பட்டு, அதே வருடம் நவம்பர் 7 அன்று விழுந்தது. அன்று அடித்தது புயல்கூட இல்லை. மணிக்கு 65 கிலோமீட்டரை ஒட்டிய காற்று. பாலம் துணிபோல் முறுக்கிக்கொண்டு ஆடி அறுந்து விழும் காட்சியைப் பலர் காணொளியில் பார்த்திருப்பார்கள்.

காரணம் ஒத்ததிர்வு என்று எத்தனையோ பாடநூல்கள் சொல்கின்றன. ஒத்ததிர்வு என்பது ஊஞ்சல் கதை: ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்து ஒவ்வொரு முறையும் தள்ளினால் ஆட்டம் பெரிதாகும். அதற்குத் தள்ளுகிறவரின் தாளமும் ஊஞ்சலின் தாளமும் பொருந்த வேண்டும். பாலத்தில் அது பொருந்தவில்லை. பாலம் முறுக்கி ஆடியது ஐந்து வினாடிக்கு ஒரு முறை. பாலத்தட்டின் ஓரத்தில் காற்று தானாகச் சுழித்துப் பிரியும் தாளமோ ஏறக்குறைய வினாடிக்கு ஒரு முறை.

சரியான ஒப்புமை வயலின். வில்லை ஒரே சீராக ஒரே திசையில் இழுக்கிறார்கள், தந்தியோ அதிர்கிறது. தாளத்தை வில் கொடுப்பதில்லை. தந்தியே தன் அசைவால் வில்லிலிருந்து ஆற்றலைப் பிடுங்கிக்கொள்கிறது. பாலமும் அப்படித்தான். தட்டு சற்றே முறுகியதும் அதன்மேல் காற்றின் விசை மாறியது. மாறிய விசை அந்த முறுகலையே வளர்த்தது. வளர்ந்த முறுகல் விசையை இன்னும் மாற்றியது. தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் இந்த ஆட்டத்துக்கு படபடப்பு என்று பெயர் வைக்கலாம். விமான இறக்கை வடிவமைப்பவர்கள் பயப்படும் சங்கதியும் இதுவே.

இந்தக் கதையில் பாலம் தெரிந்தவர் காற்றை விட்டுவிட்டார். காற்று தெரிந்தவரை அப்போது யாரும் கூப்பிடவில்லை. விசாரணைக் குழுவில் விமானவியல் அறிஞர் தியோடர் ஃபான் கார்மன் சேர்க்கப்பட்டது விழுந்த பிறகு. திடப்பொருளையும் பாய்மத்தையும் ஒரே கூரையின்கீழ் படிக்க வைப்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியாது.

அழகான வண்ணப் படங்கள்

சமன்பாடுகளை எழுதிவிடலாம். கையால் தீர்க்கக்கூடிய வடிவங்கள் கொஞ்சம்தான்: உருளை, தகடு, நேரான உத்தரம். கார் கதவையோ இடுப்பு எலும்பையோ கையால் தீர்க்க முடியாது. அங்கேதான் கணினி.

வட்டத்தின் சுற்றளவை நேர்கோடுகளால் அளப்பதுபோல்தான் இதுவும். ஆறு பக்கமுள்ள உருவத்தை வட்டத்துக்குள் போட்டால் சுமாரான விடை, 96 பக்கம் போட்டால் நல்ல விடை. பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் நெளிவு எளிமையாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, துண்டுகள் சேரும் புள்ளிகளில் கணக்கைப் பொருத்துவது துண்டு முறை. ஆங்கிலத்தில் ஃபைனைட் எலிமெண்ட் என்பார்கள். அந்தப் பெயரை ரே கிளஃப் 1960-இல் வைத்தார். துண்டுகளின் வலைக்கு மெஷ் என்று பெயர். வகுப்பிலும் ஆலையிலும் எல்லோரும் மெஷ் என்றேதான் சொல்கிறார்கள்.

என் முதல் பருவத்துச் சிறு ஆய்வில் ‘ட’ வடிவ இரும்புத் தாங்கி ஒன்று. சுவரில் பதித்து மேலே எடை வைப்பதுபோல் கணினியில் மாதிரி செய்தேன். உள்மூலையில் சிவப்பு, ஓரங்களில் நீலம். பார்க்க அவ்வளவு அழகு. மூலையில் 180 மெகாபாஸ்கல் என்று அறிக்கை எழுதினேன். மெஷ்ஷைப் பொடியாக்கிப் பார் என்றார் வழிகாட்டி. 260 வந்தது. இன்னும் பொடியாக்கினேன், 390. துல்லியம் கூடுகிறது என்று மகிழ்ந்துபோனேன். எங்கே போய் நிற்கும் என்று கேட்டார். இரண்டு நாள் கணினியை ஓடவிட்ட பிறகுதான் புரிந்தது, அது எங்கேயும் நிற்காது.

நான் வரைந்த உள்மூலை ஊசிமுனைபோல் கூர்மையானது. அப்படிப்பட்ட உள்மூலையில், நேர் விகிதப் பொருள் விதியின்படி தகைவு முடிவிலியை நோக்கிப் போகும். கணினி சொன்ன ஒவ்வோர் எண்ணும் என் மெஷ்ஷின் அளவைச் சொன்னதே தவிர, தாங்கியின் வலிமையைச் சொல்லவில்லை. உண்மையான தாங்கியில் மூலை சற்றே உருண்டிருக்கும். இரண்டு மில்லிமீட்டர் வளைவு கொடுத்ததும் எண் ஓரிடத்தில் நிலைத்தது. பிஸ்கட் பாக்கெட்டின் ஓரத்தில் சின்னப் பல்போல் வெட்டி வைத்திருப்பது ஏன், கிழிந்த இடத்திலேயே துணி மேலும் கிழிவது ஏன் என்பதெல்லாம் இதே கணக்குதான். அகன்ற தகடு ஒன்றை ஒரு திசையில் இழுக்கும்போது, அதிலுள்ள சின்ன வட்டத் துளையின் ஓரத்தில்கூடத் தகைவு மூன்று மடங்கு ஏறும்.

மென்பொருளின் பொத்தான்களை மூன்று மாதப் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். அது பொய் சொல்லும்போது கண்டுபிடிக்கக் கற்பதற்குத்தான் இரண்டு வருடம்.

படிப்பு எப்படி இருக்கும்

நம் நாட்டில் இதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். எம்.டெக். என்றால் இரண்டு வருடம்; முதல் வருடம் பெரும்பாலும் பாடங்கள், இரண்டாம் வருடம் ஆய்வுத் திட்டம். எம்.எஸ். என்று சென்னை ஐஐடி போன்ற இடங்களில் வழங்கும் படிப்பில் பாடங்கள் குறைவு, ஆய்வு அதிகம். நீண்ட ஆய்வேடு எழுத வேண்டும், இரண்டு வருடத்தைத் தாண்டிப் போவதும் சகஜம். வேலைக்கு உடனே போக நினைப்பவர்களுக்கு முதலாவது, ஆராய்ச்சியின் ருசி பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டாவது பொருந்தும். எம்.எஸ். சேரும்போது வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம் என்பது என் கருத்து.

சேருவதற்கு கேட் தேர்வு. மெக்கானிக்கல், சிவில், ஏரோஸ்பேஸ் மாணவர்கள் தங்கள் தாளையே எழுதலாம். பலருக்குத் தெரியாத இன்னொரு தாள் எக்ஸ்.இ. எனப்படும் பொறியியல் அறிவியல். இதில் பொதுத்திறன் 15 மதிப்பெண், கணிதம் 15. பிறகு பாய்ம இயக்கவியல், திடப்பொருள் இயக்கவியல், வெப்ப இயக்கவியல், பொருளறிவியல் முதலியவற்றில் ஏதேனும் இரண்டு, தலா 35. இந்தத் துறையை மனதில் வைத்தே தயாரித்ததுபோல் இருக்கும். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். கேட் மூலம் மத்திய நிறுவனங்களில் எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வழங்கப்பட்டுவருகிறது. பதிலுக்கு இளநிலை மாணவர்களின் வகுப்புகளிலும் ஆய்வகங்களிலும் உதவ வேண்டும். விடுதி, சாப்பாடு போகக் கையில் பெரிதாக நிற்காது.

பெயரை மட்டும் நம்பி விண்ணப்பிக்காதீர்கள். சில கல்லூரிகளில் அப்ளைடு மெக்கானிக்ஸ் துறை என்பது சிவிலின் கட்டமைப்புப் பிரிவுதான். வேறு சில இடங்களில் இதே பாடங்கள் மெக்கானிக்கல், ஏரோஸ்பேஸ் துறைகளுக்குள் வேறு பெயரில் இருக்கும். பாடப்பட்டியலை இறக்கிப் பாருங்கள். கன்டினுவம் மெக்கானிக்ஸ் என்ற பாடம் கட்டாயமாக இருந்தால் நான் மேலே சொன்னது போன்ற இடம் அது. பொருளை அணு அணுவாகப் பார்க்காமல், இடைவெளியே இல்லாத தொடர்ச்சியான ஒன்றாக வைத்துக்கொண்டு அந்த மூன்று கணக்குகளையும் எழுதக் கற்றுத்தரும் பாடம்.

வேலை? விமானம், ராக்கெட், வாகனம், காற்றாலை, மருத்துவக் கருவி எல்லாவற்றிலும் இந்தப் படிப்புக்கு இடம் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் வாகன நிறுவனங்களின் சிமுலேஷன் பிரிவுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கணினித்துறைச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் தொடக்கத்தில் ஏமாற்றமாக இருக்கலாம். இதை மறைத்துப் பேசுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். வகைக்கெழுச் சமன்பாட்டைக் கண்டாலே புத்தகத்தை மூடிவிடுகிறவர்களுக்கு இந்த இரண்டு வருடம் தண்டனை. கணிதத்தில் மேதையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பக்கக் கணக்கை உட்கார்ந்து முடிக்கும் பொறுமை இருந்தால் சமாளிக்கலாம்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்

டென்சரைப் பற்றிக் கேட்பார்கள் என்று நான் விடிய விடியப் படித்துக்கொண்டு போயிருந்தேன். சுவரில் சாய்த்து வைத்த ஏணியை வரையச் சொன்னார்கள். சுவர் வழவழப்பானது, உராய்வு இல்லை. ஒருவர் ஏணியில் ஏறுகிறார். மேலே போகப் போக ஏணி வழுக்கும் ஆபத்து கூடுமா, குறையுமா?

ஏறுகிறவரின் எடை தரையை அழுத்திப் பிடிக்கும், அதனால் குறையும் என்றேன். விசைகளை வரைந்து காட்டச் சொன்னார்கள். எடைக்குக் கீழ்நோக்கி ஓர் அம்பு, தரையிலிருந்து மேல்நோக்கி ஒன்று, சுவரிலிருந்து பக்கவாட்டில் ஒன்று. முடித்துவிட்டு நின்றேன். சுவர் ஏணியை இந்தப் பக்கம் தள்ளுகிறதே, அதை ஈடுசெய்வது யார் என்று ஒரு பேராசிரியர் கேட்டார். கரும்பலகையைப் பார்த்தபடி ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றிருப்பேன். ஏணியின் அடியில், தரையோரமாக, உராய்வுக்கான நான்காவது அம்பை வரைந்தேன். பிறகு கணக்கைப் போட்டால், ஆள் ஏற ஏற அந்த அம்பு நீண்டுகொண்டே போனது. கூடும் என்று திருத்திச் சொன்னேன். சரி, உட்காருங்கள் என்றார்கள்.